கூட்டக் குறிப்பு

பரேல், மூன்றாம் மாடி.
கதவுக்கு இப்போது இரண்டு பூட்டு.
பித்தளைப் பூட்டு கர்மர்க்கர் அணி.
எஃகுப் பூட்டு நஃபீசா மேடம் அணி.
ஆகவே பொதுக்குழு படிக்கட்டில் கூடியது.
குறிப்பெடுக்க என்னைச் சொன்னார்கள்,
என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

வந்தவர்கள் நாற்பத்தொன்று.
வந்ததாகக் கையெழுத்திட்டவர்கள் அறுபத்து மூன்று.
போன ஆண்டு இறந்த பெண்ட்சே சார்
இரண்டு அணிக்கும் வாக்களித்திருந்தார்.
உயிரோடு இருந்தபோதும் அவர்
யாருக்கும் இல்லை என்று சொன்னவரல்ல.

பொருள் ஒன்று: வெள்ள நிவாரணக் கணக்கு.
தார்ப்பாய் வாங்கியதற்கு ரசீது இருக்கிறது.
தார்ப்பாய் இல்லை.
பொருளாளர் குட்டின்ஹோ எழுந்து
"என் மேலேயே சந்தேகமா?" என்றார்.
ஒருவரும் மறுக்கவில்லை.
இரண்டாம் மாடிக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டுக்
குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நாங்கள் யார் தெரியுமா?
பத்து வருஷம் முகம் பாராத அண்ணன் தம்பியை
ஒரே பாயில் உட்காரவைத்து
கையில் ஒரு தண்ணீர் டம்ளரைக் கொடுப்பவர்கள்.
டம்ளர் யாரிடமோ அவரே பேசலாம்,
மற்றவர் கேட்க வேண்டும்.
படிக்கட்டில் அன்று டம்ளர் இல்லை.
பாட்டில்கள் இருந்தன. ஒன்று பறந்தது.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.
இங்கே கூத்தாடியும் நாங்கள்தான்.
கொண்டாட்டத்தைத்தான் காணோம்.

இனி, குறிப்பில் இல்லாதது.

செவ்வாய்க்கிழமை, மான்குர்த்.
குழந்தைகள் நலக் குழுவின் முன்
சுஹானாவின் அறிக்கையை வைத்தேன்.
வயது ஏழு. குர்லா ஸ்டேஷனில் தொலைந்தவள்.
அம்மா ஹசீனா, கோவண்டி, ஜரிகை ஒட்டும் வேலை.
வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தேன்.
பக்கத்து வீட்டில், ரேஷன் கடையில் கேட்டிருந்தேன்.
சுவரில் பென்சிலால் அவள் உயரத்தைக்
குறித்து வைத்திருந்ததையும்
ஒரு வரி எழுதியிருந்தேன்.
நான்கு பக்கம். அடியில் சங்க முத்திரை.

உறுப்பினர் முதல் பக்கத்தைப் படிக்கவில்லை.
நேரே முத்திரைக்குப் போனார்.
"இது எந்தச் சங்கம்?"
ஒரே சங்கம்தான் சார் என்றேன்.
இழுப்பறையிலிருந்து இரண்டு கடிதம் எடுத்தார்.
ஒரே பெயர், ஒரே பதிவெண்,
இரண்டு தலைவர்.
மற்றவரை நம்ப வேண்டாம் என்று ஒன்றில் இருந்தது.
மற்றதிலும்.
"நாங்கள் இரண்டு பேர் சொன்னதையும்
கேட்டுக்கொண்டோம்" என்றார்,
மரியாதையாகவே.

வேறு அறிக்கை வரப் பதினோரு நாள்.
வெளியே ஹசீனா
பிளாஸ்டிக் பையில் மஞ்சள் கவுனோடு நின்றாள்.
இஸ்திரி போட்டிருந்தாள்.
ஒரு கையெழுத்துக்காக நிற்கிறது என்றேன்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.
வருகிறேன் பவுலின் தீதி என்று மட்டும் சொல்லி
மடிப்புக் கலையாமல் பையை
மார்போடு பிடித்துக்கொண்டு
பஸ் ஏறினாள்.

இன்னொன்றும் குறிப்பில் இல்லை.
ஜூனில் கர்மர்க்கர் கேட்டபோது
தாளில் கையெழுத்துப் போட்டேன்.
ஜூலையில் நஃபீசா மேடம் கேட்டபோதும் போட்டேன்.
ஒருவர் எனக்கு முதல் வேலை வாங்கித் தந்தவர்.
ஒருவர் என் அம்மா சயானில் கிடந்தபோது
மூன்று இரவு வராந்தாவில் விழித்திருந்தவர்.
பெண்ட்சே சாராவது
செத்துவிட்டார்.

இப்போதெல்லாம் கோவண்டிக்குள் நுழையும்போது
கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.
சங்கத்தின் பெயர் நெஞ்சுப்பக்கம் போய்விடும்.
வெளியே தெரிவது பின்பக்கம்:
தொலைந்தால் இங்கே சேர்க்கவும்,
பரேல், மூன்றாம் மாடி.